சொல்லக்கூடாத மணம்

விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் காட்டு விலங்குகள் நுழைவதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்றவளைக் கூப்பிட்டால் இப்படித்தான் தலைப்புக் கிடைக்கும். எஞ்சினைப் பற்றிப் பேசப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், எலிக்கும் பாம்புக்கும் நான். பரவாயில்லை. வலை எங்கே கட்டுவது, கூண்டு எங்கே வைப்பது, வனத்துறைக்கு எப்போது சொல்வது என்பதெல்லாம் உங்கள் பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். வேகம் காட்டும் குழாய்க்குள் வேட்டாவளியன் குளவி மண்கூடு கட்டியதையும், துடைக்க வைத்திருந்த துணியைக் குரங்கு தலையில் போட்டுக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருந்ததையும் தேநீர் குடிக்கும்போது கேளுங்கள், சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன். இப்போது சொல்லப்போவதில் சிரிக்க அதிகம் இல்லை. மலைமேல் ஒரு பெண் பிரசவ வலியில் கிடக்க, கீழே நாங்கள் ஹெலிகாப்டரை அனுப்பாமல் நிறுத்தி வைத்த ஒரு காலையைப் பற்றியது அது.

எனக்கு ஊர் குழித்துறை. வளைகுடாவில், கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆளேற்றும் ஹெலிகாப்டர்களைப் பராமரித்து, வயது ஏறியதும் ஊர் திரும்பினேன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தின் நடுவே ஒரு தனியார் கம்பெனி ஹெலிகாப்டர் வைத்திருக்கிறது, பராமரிப்புக்குக் கையெழுத்துப் போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஹேங்கர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உயரமான தகரக் கொட்டகை, முன்னால் சிமெண்டுத் தளம், மூன்று பக்கமும் ரப்பர் மரம், நாலாவது பக்கம் மலை. சுற்றுலாக்காரர்களையும் பெரிய மனிதர்களையும் ஏற்றுவார்கள், வெள்ளம் வந்தால் மாவட்ட நிர்வாகம் கேட்கும்போது கொடுப்பார்கள். இரண்டு ஹெலிகாப்டர்களில் ஒன்று எப்போதும் எங்காவது வெளியூரில் இருக்கும்.

என்னோடு மூன்று பேர். ஜெபசிங் மெக்கானிக், சபைப் பாடகர் குழுவில் பெருங்குரல்காரன், ஸ்பேனரைக் கையில் எடுத்தால் வாயில் ஞானப்பாட்டு தானாக வரும். எரிபொருள் பார்ப்பவர் வைகுண்டமணி, நெற்றியில் ஐயாவழி நாமம் இல்லாமல் ஒருநாளும் வேலைக்கு வந்ததில்லை. காவலுக்குத் தங்கப்பன், பக்கத்து ஊர்க்காரர், அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மூவரும் தங்கமான ஆட்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவர்களை நீங்கள் திட்டும்போது நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொரோனா வந்து போனதில் என் மூக்கு செத்துவிட்டது. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, மணம் மட்டும் திரும்பி வரவில்லை. மீன்குழம்பும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். எங்கள் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. எரிபொருள் கசிவையும் ஒயர் கருகுவதையும் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் கண்டுபிடிக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே மூவரையும் கூப்பிட்டு வெட்கப்படாமல் சொன்னேன், எனக்கு மூக்கு இல்லை, இனிமேல் உங்கள் மூக்குதான் என் மூக்கு, எது மணந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று. அவர்களும் சொன்னார்கள். வைகுண்டமணி காலையில் வந்ததும் ஹெலிகாப்டரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அக்கா இன்று எண்ணெய் மணம் இல்லை என்பார். ஒருநாள் பேட்டரி மணக்கிறது என்று ஜெபசிங் ஓடி வந்தான், பார்த்தால் உண்மையிலேயே பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. என் மூக்கு போன கவலையே எனக்குப் போய்விட்டது.

அந்த ஐப்பசி மழை பிடித்தது பிடித்தபடி பெய்தது. நாள்கணக்கில் பறக்கவில்லை. பகலிலேயே ஹேங்கருக்குள் விளக்குப் போடவேண்டியிருந்தது. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அப்போதுதான் ஆட்கள் மாறத் தொடங்கினார்கள்.

முதலில் ஜெபசிங்கின் பாட்டு நின்றது. வெளியே வராந்தாவில் பாடுவான், ஹேங்கர் வாசலைத் தாண்டியதும் வாய் மூடிவிடும். தங்கப்பன் உள்ளே இருந்த தன் நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டு, சாரலில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால், உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றார். அந்த மழையில் புழுக்கம். வைகுண்டமணி தன் காலைச் சுற்றைக் கிட்டத்தட்ட ஓட்டமாகச் சுற்றினார். மூவரும் வாசலில் வந்து ஒரு கணம் நிற்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவார்கள். நான் மட்டும் எதுவும் அறியாமல் கொட்டகையின் நடுவே நிற்பேன். அப்படி நிற்கும்போது என் முதுகில் ஏதோ ஊர்வதுபோல இருக்கும். எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் அந்த இடத்தில் இருக்கிறார், மற்ற எல்லாருக்கும் அவரைத் தெரியும் என்ற மாதிரி.

பிறகு தடயங்கள். ஒரு காலையில் ஹெலிகாப்டரின் முன்கண்ணாடியில் ஈரக் கைகள் பதிந்திருந்தன. ஐந்து விரலும் உள்ளங்கையும், கைக்குழந்தையின் கை அளவுக்கு. கீழேயிருந்து மேலே ஏறிப்போய்க் கூரையோடு நின்றுவிட்டன. இன்னொரு நாள் வால்பகுதியின் மேல், கழுவித் துடைத்து வைத்ததுபோல, காட்டில் காய்க்கும் அயனிப்பலாவின் கொட்டைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. ஹேங்கரின் மூலையில், சாமான் பெட்டிகளுக்குப் பின்னால், நறுக்கிய வாழையிலை ஒன்று விரித்துக் கிடந்தது. இலையில் எதுவும் இல்லை. எடுத்து எறிந்தேன். மறுநாள் அதே இடத்தில் புது இலை.

நான் விலங்குகளோடு மல்லுக்கட்டிப் பழகியவள். கொட்டையைப் பார்த்ததும் ஏதோ மரமேறி என்று தெரிந்துவிட்டது. எஞ்சின் மூடிகளைத் திறந்து பார்த்தேன், இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்தேன், கூரையோரச் சந்துகளை வலையால் அடைத்தேன், பழம் வைத்துக் கூண்டும் வைத்தேன். கூண்டை எதுவும் தொடவே இல்லை. நல்ல மட்டி வாழைப்பழம், கறுத்து ஒழுகும்வரை அப்படியே இருந்தது. பழம் தின்னும் பிராணி பழத்தை ஏன் தொடாது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அந்த இலையை யார் போடுகிறார்கள் என்று அறியும்வரை இரவில் தூக்கம் பிடிக்காது என்று தோன்றியது.

ஜெபசிங்கைத் தனியே பிடித்தேன். ஏலே, உள்ளே ஏதாவது மணக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அவன் என் காலைப் பார்த்துக்கொண்டு, "எண்ணெ மணம் ஒண்ணும் இல்ல அக்கா" என்றான். அது பொய் இல்லை. ஆனால் நான் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் மேனேஜர் ஃபோனில் கத்தினார். அணைக்கு அப்பால் மலைமேல் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு முந்தினநாளே வலி கண்டிருக்கிறது, பிள்ளை இறங்கவில்லை. பாதை மண்சரிந்து கிடக்கிறது, அணையில் படகு விட முடியாத இழுப்பு. மேகம் மறுபடி இறங்குவதற்குள் போய்த் தூக்கி வரவேண்டும். அவர் ஃபோனை வைப்பதற்குள் ஹெலிகாப்டரை வெளியே தள்ளிவிட்டோம். நான் சுற்றிப் பார்த்தேன், எல்லாம் சரி. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

கேப்டன் வடக்கத்திப் பையன், வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மழையால் ஹேங்கர் பக்கமே வராமல் விடுதியில் அடைந்து கிடந்தவன். எங்கள் ஊர்த் தமிழைக் கற்றே தீருவது என்று கண்டவரிடமெல்லாம் பேசுவான். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப் போனவன், மூக்கை உறிஞ்சி, மலர்ந்த முகத்தோடு எங்களைப் பார்த்துக் கேட்டான்.

"யாரு சாதம் வைக்கிறாங்க? புது அரிசி. ரொம்ப நல்ல வாசம்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஜெபசிங்கின் முகம் வெளுத்திருந்தது. வைகுண்டமணி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். தங்கப்பன் வாசல்தூணைப் பிடித்துக்கொண்டு, பேசாதே என்பதுபோல அந்தப் பையனை நோக்கிக் கையை அசைத்தார். சுற்றுவட்டாரத்தில் அடுப்பு என்று ஒன்று கிடையாது. எங்கள் தேநீரே பிளாஸ்கில் வருவது.

கேப்டன் சிரித்தபடி தன் வேலையைத் தொடங்கினான். பறக்கும் முன் ஓட்டுபவரின் கைப்பிடியான ஸ்டிக்கை நாலு பக்கமும் முழுக்க அசைத்துப் பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் இழுத்தபோது அவன் கை கொஞ்சம் தயங்கியது. மறுபடி இழுத்தான். நின்றது. கொஞ்சம் அழுத்தினான். பிறகு போய்விட்டது, வெண்ணெய் மாதிரி. முதலில் கனமாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று கட்டைவிரலைக் காட்டினான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். கெட்டுப்போன ஒன்று நீங்கள் கை வைக்காமலே சரியாகிவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள். அது சரியாகவில்லை. உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி எப்போது இடம் மாறும் என்பது அதன் இஷ்டம்.

பேனாவை மூடினேன். கேப்டனை இறங்கச் சொன்னேன். மேனேஜர் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, சோற்று வாசத்தையும் ஸ்டிக் நின்றதையும் கேப்டனிடம் கேட்டறிந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவர் மனைவி அப்போது மாதமாக இருந்தாள். "மேல ஒருத்தி செத்திட்டு இருக்கா. நீங்க மணம் பிடிச்சிட்டு நிக்கியீங்க" என்றார். எனக்கு மணமே தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் தெரியாது, ஆனாலும் என் இரண்டு பிரசவமும் எனக்கு நினைவு இருந்தது. போடு கையெழுத்தை, போய்விட்டு வரட்டும் என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. மலையிடுக்கில், ஆளேற்றித் திரும்பும்போது அந்த ஸ்டிக் நின்றால் என்ன ஆகும் என்று இன்னொன்று சொன்னது. தரைத்தகட்டைக் கழற்று என்று ஜெபசிங்கிடம் சொன்னேன்.

அவன் ஸ்குரூக்களைக் கழற்றிக்கொண்டே அழுதான். அப்போதுதான் வாய் திறந்தான். ஹேங்கர் நிற்கும் இடத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக் கூலிகளுக்குச் சோறு பொங்கும் கஞ்சிப்புரை இருந்ததாம். காய்ச்சல் வந்து, குடியிருந்த லயம் லயமாகக் கூலிகள் செத்தார்களாம், அடுப்பில் வைத்த சோற்றை இறக்க ஆளில்லாமல். அங்கே சோறு வேகும் மணம் வந்தால் அதை வாயால் சொல்லக்கூடாது. சொன்னவனுக்கும் சேர்த்து அந்தச் செத்தவர்களின் பந்தியில் இலை விழுந்துவிடும். உள்ளே வாய் திறக்கவே பயந்து அவன் பாட்டை நிறுத்தியது அதற்காக. சர்ச்சுக்குப் போகிற நீயுமா என்றேன். "எனக்கு அதுல நம்பிக்க இல்லக்கா," என்றான், "ஆனா எனக்க மூக்குல மணந்துதே."

தகடு கழன்றதும் அவன் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தான். அவ்வளவு மணம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. இருட்டான பள்ளம், ஸ்டிக்கின் கம்பிகள் போகும் ஒடுக்கமான வழி, டார்ச் வெளிச்சம் வளைவைத் தாண்டிப் போகவில்லை. கையை விட்டேன். காய்ந்த ரப்பர் இலை, கிழிந்த துணி, பிறகு வாழையிலை நார். அதற்கும் உள்ளே விரலில் பட்டது சூடாக இருந்தது. மூச்சு விட்டது. கையை உருவிக்கொள்ளத் தோன்றியது, உருவவில்லை.

மூன்று குட்டிகள். கண் திறக்காதவை. எங்கள் ஊர்ப்பக்கம் மரப்பட்டி என்போம், மற்றவர்கள் மரநாய் என்பார்கள். இரண்டு உயிரோடு இருந்தன. மூன்றாவது கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கியிருந்தது. ஸ்டிக் வெண்ணெய் மாதிரிப் போனதன் காரணம் அதுதான். மிச்சம் இரண்டும் அதே வழியை நோக்கித்தான் ஊர்ந்துகொண்டிருந்தன. நிமிர்ந்தபோது ஹேங்கரின் கூரைச்சட்டத்தில் தாய் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகவோ தெரியாது. அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹெலிகாப்டரின் பின்பக்கச் சாமான் அறையின் கதவு மூடியதுபோலத் தெரியும், மூடியிருக்காது. அதன் வழியே நுழைந்து, உள்சுவர்த் தகட்டை நெம்பித் தாய் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. குட்டி போட்ட மரநாய் விடும் வாடை புது அரிசி வேகும் மணத்தைப் போலிருக்கும் என்று வனத்துறைக்காரர் பிற்பாடு சொன்னார். கூண்டுப் பழத்தை ஏன் தொடவில்லை என்பதும் அன்றே தெரிந்தது. தங்கப்பன் தினமும் மூலையில் இலை போட்டுப் பழமும் அவலும் வைத்திருக்கிறார், நம்மை விட்டுவிடு என்று. இலை காலையில் காலியாக இருக்கும், பயம் இன்னும் கூடும், மறுநாள் இன்னும் நிறைய வைப்பார். வைகுண்டமணி தன் பங்குக்குத் தனியாக வைத்திருக்கிறார். ஜெபசிங்கும் தன் மதியச்சோற்றில் ஒரு பிடியை, வேறு யாருக்கும் தெரியாமல். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரு மரப்பட்டிக்கு விருந்து வைத்து அதைக் குடியேற்றியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

பள்ளம் முழுக்கத் துடைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, தகட்டை மூடி, ஸ்டிக்கை நானே அசைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் மேலே போயிருந்தது. ஹெலிகாப்டர் எழும்பியபோது மலைமேல் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. தங்கப்பன் இரண்டு குட்டிகளையும் தோளில் கிடந்த தன் துவர்த்தில் சுற்றிக்கொண்டு போய், ரப்பர்ஷீட் உலர்த்தும் பழைய புகைப்புரையில் வைத்தார். பட்டப்பகலில் தாய் இறங்கிவந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனதாம்.

அந்தப் பெண் பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இரத்தம் போயே செத்திருப்பாள் என்றார்கள். ஹெலிகாப்டர் இறங்குவதற்குச் சற்று முன்பு பிள்ளை பிறந்திருக்கிறது. அழவில்லை. முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் பிள்ளையும் பிழைத்திருக்குமா என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இன்றுவரை இருக்கிறேன்.

நான் நிறுத்தியது தவறு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நாளைக்கே அதே காலை மறுபடி வந்தாலும் பேனாவை மூடுவேன். எனக்குக் கோபம் அந்த ஒரு மணி நேரத்தின்மேல் இல்லை, அதற்கு முன்னால் மழையில் சும்மா கிடந்த நாள்களின்மேல். மணம் வந்த முதல் நாளே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், தேநீர் குடித்துக்கொண்டே தகட்டைத் திறந்திருப்போம். நான் மூவரையும் கடுமையாகத் திட்டினேன். ஆனால் திட்டு எங்கே போய்ச் சேரும் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவரும் சோம்பேறி இல்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. பயந்தார்கள், அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்த பிறகு அந்தப் பெண்ணின் கணவன் வந்தான். மெலிந்த ஆள், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான். வீட்டுக்காரியை ஏற்றிவந்த வண்டியைப் பார்க்கவேண்டும் என்றான். காட்டினேன். கதவைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றான். பிறகு, அன்றைக்குக் காலையிலிருந்தே ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறதா என்று எல்லாரும் வெளியே நின்றோம், ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

கண்ட்ரோலில் சின்னக் கோளாறு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். தங்கப்பன் முன்னால் வந்துவிட்டார்.

"இதுக்குள்ள சோறு வேகுத மணம் வந்துது மக்கா. வந்து நாளு ரெம்ப ஆச்சு. நாங்க மூணு பேருக்கும் தெரியும். பேடிச்சு சொல்லல. அதுனாலயாக்கும்."

மணத்தையும் தங்கள் பயத்தையும் ஹேங்கருக்குள் நின்றே அந்த மனிதர் வாய்விட்டுச் சொன்னார். ஜெபசிங்கும் வைகுண்டமணியும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அடி விழும் என்றே நினைத்தேன்.

"பேடி எல்லாருக்கும் உண்டும்," என்றான். "எனக்க வீட்டுக்காரியும் பேடிச்சுதான் கெடந்தா. ஆனா அவ கூவி விளிச்சிட்டே இருந்தா."